முன்கண்ணாடியில் இல்லாத ரெஜோ

ஆஸ்திரேலியர்கள் 'ரெஜோ' என்று செல்லமாகச் சுருக்கிவிட்ட வாகனப் பதிவை இன்னொரு வரியாக மட்டும் பார்ப்பது தவறு. விக்டோரியாவில் அந்தக் கட்டணத்தோடு, விபத்தில் காயமடைவோருக்கான கட்டாயக் காப்பீடும் சேர்ந்தே வருகிறது. நியூ சவுத் வேல்ஸிலோ 'கிரீன் ஸ்லிப்' எனப்படும் அந்தக் காப்பீட்டை முதலில் வாங்கினால்தான் பதிவையே புதுப்பிக்க முடியும். பழைய காருக்கு ஆண்டுப் பரிசோதனைச் சான்றும் வேண்டும். ஆக, ரெஜோ காலாவதியானால் காப்பீட்டுக்கும் ஆபத்துதான்.

அதனால்தான் காரின் முன்கண்ணாடியில் ஒட்டப்பட்டிருந்த பதிவு வில்லையை ஒழித்தது எனக்கு உறுத்துகிறது. மேற்கு ஆஸ்திரேலியா 2010இலும், நியூ சவுத் வேல்ஸ் 2013இலும், விக்டோரியா 2014இலும் அதைக் கைவிட்டன. கேமராவே எண்பலகையைப் படித்துவிடுகிறது, யாரும் இணையத்தில் இலவசமாகச் சரிபார்க்கலாம், அச்சுச் செலவும் மிச்சம் என்பார்கள். ஆனால் கேமரா பிடிப்பது வண்டி தெருவில் இறங்கிய பிறகு. நண்பரின் காரை இரவல் வாங்குகிறவர், சாவியோடு பதிவு எண்ணையும் வாங்கித் தேடிப்பார்த்துவிட்டா கிளம்புவார்? பிடிபட்டால் ஓட்டியவரும் பதில் சொல்லியாக வேண்டும். நினைவூட்டல் போவதோ உரிமையாளருக்கு மட்டும். முகவரி மாறியிருந்தால் அவர் கைக்கும் எட்டாது.