ஜப்பானியர் நாவில் ஆங்கிலம்

34 ஆண்டுகள் ஆங்கிலம் கற்பித்து ஓய்வு பெற்ற ஒருவன், மகன் குடும்பத்தோடு ஆறு மாதம் தங்குவதற்காக டோக்கியோ நகருக்குப் புறப்பட்டால், "உமக்கென்ன கவலை? ஜப்பானியர் பேச்சில் பாதி ஆங்கிலந்தானே!" என்று நண்பர்கள் தேற்றி அனுப்புவது இயல்பே. பாதி என்பது மிகை. ஆயினும், ஆங்கிலத்திலிருந்து பெற்ற சொற்கள் அம்மக்களின் அன்றாடப் பேச்சில் ஆயிரக்கணக்கில் விரவிக் கிடக்கின்றன என்பது உண்மை. பிறநாட்டுச் சொற்களை எழுதுவதற்கெனப் பெரிதும் பயன்படும் எழுத்து வரிசைக்குக் 'கத்தக்கானா' என்று பெயர். அடிப்படை எழுத்துகள் 46. நான்காம் வகுப்புப் பயிலும் என் பேரனே எனக்கு ஆசானானான். ஆசிரியர் வீட்டுப் பிள்ளையல்லவா, கண்டிப்புக்குக் குறைவில்லை!

ஜப்பானிய மொழியில் லகரம் இல்லை. அவ்விடத்தில் ரகரமே நிற்கும். 'ன்' என்னும் ஒலி நீங்கலாக, எச்சொல்லும் மெய்யெழுத்தில் முடிவதில்லை. ஆகவே மில்க் 'மிருக்கு' ஆகின்றது. ஹோட்டல் 'ஹோத்தெரு' ஆகின்றது. இதனைக் கேட்டுச் சிரிக்கும் தமிழர், தாம் பஸ்ஸு, காரு, லைட்டு என்று உகரம் கூட்டிப் பேசுவதைச் சற்றே எண்ணிப் பார்ப்பாராக. நீண்ட சொற்களை வெட்டிச் சுருக்குவதிலோ ஜப்பானியருக்கு நிகர் அவர்களே. ரிமோட் கண்ட்ரோல் 'ரிமொக்கொன்'. கன்வீனியன்ஸ் ஸ்டோர் எனப்படும், இரவும் பகலும் திறந்திருக்கும் கடை 'கொன்பினி'.

ஓசையைக் கடந்துவிட்டால் பொருள் வந்து வழிமறிக்கும். ஆங்கிலேயனுக்கு மேன்சன் என்பது பெருமாளிகை. ஜப்பானில் 'மான்ஷோன்' என்பது அடுக்குமாடிக் கட்டடத்து வீடு. என் மகன் குடியிருப்பதும் அத்தகைய ஒன்றே. சென்னைத் திருவல்லிக்கேணியில் மேன்சன் என்றால் தனியாள்கள் தங்கும் அறைகள் என்பதை நாம் அறிவோம். ஒரே மாளிகை கடல் கடக்கக் கடக்க எவ்வாறு சுருங்கிவிட்டது, பாருங்கள்! 'சாபிசு' என்பது சர்வீஸ் என்னும் சொல்லே. ஆயினும், கடைக்காரர் அதனைச் சொல்லி ஒரு பழத்தைக் கூடுதலாக வைத்தால், நம் ஊர்க் கொசுறு என்று பொருள். 'கன்னிங்கு' என்றால் தேர்வில் காப்பியடித்தல். 'பைக்கிங்கு' என்பது பழங்காலக் கடலோடிகளாகிய வைக்கிங்குகளின் பெயர். வேண்டியதை வேண்டிய மட்டும் எடுத்துண்ணும் விருந்தை அது குறிக்கின்றது. டோக்கியோவின் இம்பீரியல் ஹோட்டல் 1958-இல் அத்தகைய விருந்துக்கூடம் ஒன்றைத் திறந்து அப்பெயரைச் சூட்டியது. பெயர் நாடெங்கும் பரவிற்று. எனக்கு மிகவும் பிடித்த சொல் 'மிஷின்'. எந்த இயந்திரத்தையும் அது குறிக்காது. தையல் இயந்திரத்தை மட்டுமே குறிக்கும். நம் வீட்டுப் பெண்கள் "மிஷின்ல உட்கார்ந்திருக்கேன்" என்று சொல்லும்போது வேறென்ன இயந்திரத்தைக் குறிக்கின்றனர்?

நிற்க. ஜப்பானியர் மேலைச்சொற்களை ஏற்றது ஆங்கிலத்தோடு தொடங்கவில்லை. நம் முத்துக்குளித்துறையில் உழைத்த புனித சவேரியார், 1549-ஆம் ஆண்டு ஆகஸ்ட் 15-ஆம் நாள் ககோஷிமாவில் கரையிறங்கினார். அக்காலத்தில் அந்நாட்டினர் ஏற்றவை போர்த்துக்கீசியச் சொற்கள். ரொட்டிக்கு இன்றும் 'பான்' என்றே பெயர். நம்மிடம் பாதிரியார் என நிலைத்த சொல், அங்கே 'பாத்தெரென்' என வழங்கிற்று. இன்று கிறிஸ்தவரைக் குறிக்கும் 'குரிசுச்சான்' ஆங்கிலவழி வந்தது. வேதகலாபனைக் காலத்து விசுவாசிகளைக் குறிக்கும் 'கிரிஷித்தான்' போர்த்துக்கீசிய வழி வந்தது. குருக்களின்றி இருநூறு ஆண்டுகளுக்கு மேல் மறைந்து வாழ்ந்து, 1865 மார்ச் 17 அன்று நாகசாக்கி ஔரா ஆலயத்தில் தம்மை வெளிப்படுத்திக்கொண்டவர்கள் அவ்விசுவாசிகளின் வழிமரபினரே. அவர்தம் செபங்களுக்கு 'ஒராஷோ' என்று பெயர். செபம் எனப் பொருள்படும் இலத்தீன் சொல்லின் திரிபு அது. பல இடங்களில் பொருள் மறந்துபோயிற்று. ஓசையை மட்டும் அவர்கள் விடவில்லை.

அவர்கள் பொருள் அறியாத ஓசையை அன்பினால் காத்தனர். இன்றைய முதியோர்மீதோ அத்தகைய ஓசை வலிந்து சுமத்தப்படுகின்றது. 2013-இல் 71 வயதினர் ஒருவர், பொது ஒளிபரப்பு நிறுவனமாகிய என்.எச்.கே. அளவுக்கு மீறி அயற்சொற்களைப் பயன்படுத்தித் தமக்கு மனவேதனை விளைத்ததாக வழக்கே தொடுத்தார். வழக்கு தள்ளுபடியாயிற்று. ஆயினும் அவர் முறையீட்டில் நியாயம் இருந்தது என்பதே என் எண்ணம். நாட்டின் தேசிய மொழி ஆய்வு நிறுவனமும் 2003 முதல் 2006 வரை, விளங்காத அயற்சொற்களுக்கு எளிய மாற்றுச் சொற்களைப் பரிந்துரைத்தது. மருத்துவமனைச் சொற்களும் அவற்றுள் அடங்கும்.

இதன் கனத்தை எனக்கு உணர்த்தியவர், நாங்கள் ஞாயிறு திருப்பலிக்குச் செல்லும் ஆலயத்தின் 86 வயது மூதாட்டி ஒருவர். ஒருநாள் பூசை முடிந்தபின், நான்காக மடித்த தாளொன்றைச் செபப்புத்தகத்தினின்று எடுத்து என் பேரனிடம் காட்டினார். 'ரெசுப்பைட்டோ நியூயின்' என்று அதில் இருந்தது. 'நியூயின்' ஜப்பானியச் சொல். மருத்துவமனையில் சேர்தல் என்பது அதன் பொருள். முன்சொல் மட்டும் அவருக்கு விளங்கவில்லை. தமக்கு வந்துள்ள கொடிய நோயின் பெயர் அது என்றும், மகள் அதனை மறைக்கிறாள் என்றும் எண்ணி, ஒரு வாரமாக யாரிடமும் கேட்க அஞ்சியிருந்தாராம்.

கத்தக்கானாவை எழுத்துக் கூட்டி நான் வாய்விட்டுப் படித்தேன். இரண்டாம் முறை படிக்கையில் உள்ளிருந்த ஆங்கிலச் சொல் செவியில் பட்டது: ரெஸ்பைட்! "பாட்டியிடம் சொல்லடா, இது நோயன்று. இளைப்பாறுதல். இவரைப் பேணும் மகள் சற்று ஓய்வு கொள்ளும்பொருட்டு, இவரைச் சில நாள் மருத்துவமனையார் பார்த்துக்கொள்வார்கள்" என்றேன். கீழே இரண்டு வாரம் என்று குறித்திருப்பதைப் பேரன் படித்துக் காட்டினான்.

மூதாட்டி நெடுநேரம் பேசவில்லை. பிறகு, "அவள் ஓர் இரவு முழுதாக உறங்கி ஆறு ஆண்டுகள் ஆகின்றன" என்றார். அன்றே மகளிடம் சம்மதம் தெரிவிப்பதாகச் சொல்லித் தாளை மடித்தவர், அச்சொல்லை எங்கள் மொழியில் எவ்வாறு சொல்வது என்று வினவினார். சொன்னேன். அவர் இருமுறை சொல்லிப் பார்த்துவிட்டு, தாளின் ஓரத்தில் கத்தக்கானாவில் எழுதிக்கொண்டார். பேரன் எட்டிப் பார்த்துப் படித்தான்: "இரைப்பாரு."