மழைக்காலமும் பழைய பிக்கப்பின் வைப்பரும்





வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்கி டிசம்பர் வரை நம் கடலோர ஊர்களை நனைக்கிறது. அம்மழையை நம்பியே நம் குளங்களும் தென்னந்தோப்புகளும் வாழ்கின்றன. மழை வேண்டி துஆச் செய்யும் நம்மிடையே, அதே மழையில் இரவெல்லாம் வண்டி ஓட்டிப் பிழைக்கும் குடும்பங்களும் பல உண்டு. மழைக்காலம் நெருங்கினால் அவர்கள் டயரைப் பார்க்கிறார்கள், பிரேக்கைப் பார்க்கிறார்கள், பேட்டரியைப் பார்க்கிறார்கள். முன்கண்ணாடியைத் துடைக்கும் வைப்பரைப் பார்ப்பவர் குறைவு. ஆண்டில் பெரும்பகுதி அது வேலையின்றிக் கிடக்கிறது. அதன் உண்மை நிலை தேவைப்படும் இரவில்தான் தெரிகிறது.

எங்கள் குடும்பத்திலும் அப்படித்தான் தெரிந்தது. எங்களிடம் இருப்பது வேறொருவரிடமிருந்து வாங்கிய பழைய பிக்கப் வண்டி. பேராவூரணிப் பக்கத்துத் தோப்புகளில் தேங்காய் ஏற்றி, காங்கேயத்துக் கொப்பரைக் களங்களுக்குக் கொண்டு செல்வது அதன் வேலை. வீட்டின் வருமானத்தில் பாதிக்கு மேல் அதன் சக்கரங்களில்தான் ஓடுகிறது. ஒரு நவம்பர் இரவில், காக்காவும் எங்கள் லாத்தாவின் மகனும் முழு லோடுடன் புதுக்கோட்டையைக் கடந்து திருச்சிச் சாலையில் சென்றுகொண்டிருந்தபோது, கொட்டும் மழையில் ஓட்டுநர் பக்கத்து வைப்பர் பாதிக் கண்ணாடியில் நின்றுவிட்டது. மறுபக்கத்து வைப்பர் மட்டும் ஆடிக்கொண்டிருந்தது.

மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் வண்டி ஒரு வினாடியில் சுமார் 17 மீட்டர் கடக்கிறது. எதிரே வரும் விளக்குகள் நனைந்த கண்ணாடியில் சிதறிப் பரவும்போது, அந்த 17 மீட்டருக்குள் சைக்கிளில் போகிறவர் இருக்கிறாரா, மாடு நிற்கிறதா என்பது ஓட்டுநருக்குத் தெரியாது. காக்கா வேகத்தைக் குறைத்து, தலையை மறுபக்கமாகச் சாய்த்து, தெளிந்த கண்ணாடி வழியே பார்த்துக்கொண்டே அடுத்த பெட்ரோல் பங்க் வரை ஊர்ந்து சென்று வண்டியை நிறுத்தினார். மழை விடும் வரை இருவரும் வண்டியிலேயே காத்திருந்தார்கள். அல்ஹம்துலில்லாஹ், யாருக்கும் ஒன்றும் நேரவில்லை.

ஊர் திரும்பும் வழியில் ஒரு வண்டி எலக்ட்ரிக்கல் கடையில் காட்டியபோது, மோட்டார் போய்விட்டது, முழு செட்டையும் மாற்ற வேண்டும் என்றார்களாம். வீட்டில் அதைக் கேட்ட வாப்பா, சாவியைத் திருப்பி வைப்பர் சுவிட்சைப் போடச் சொன்னார். இளமையில் லாரி கிளீனராக இருந்து பிறகு ஓட்டுநரானவர் அவர். காதைக் கொடுத்துக் கேட்டுவிட்டு, “மோட்டாரு போயிருந்தா இந்தச் சத்தம் எங்கேருந்து வருது? சத்தம் இருக்கு, அசைவு இல்லை. நடுவுல ஏதோ கழண்டிருக்கு” என்றார்.

அந்த ஒரு வாக்கியத்தில் வைப்பர் பழுதின் முதற்பாடம் அடங்கியிருக்கிறது. சுவிட்சைப் போட்டதும் சத்தமே இல்லையென்றால் பியூஸ், சுவிட்ச், வயர், மோட்டார் என்ற வரிசையில் பார்க்க வேண்டும். மோட்டார் ஓடும் சத்தம் கேட்டும் கைகள் அசையவில்லை என்றாலோ, ஒரு கை மட்டும் அசைகிறது என்றாலோ, குறை பெரும்பாலும் மோட்டாருக்கும் வைப்பர் கைகளுக்கும் இடையிலுள்ள லிங்க் கம்பிகளில்தான் இருக்கும். கை அச்சில் சரியாக இறுகாமல் நழுவுவதும் உண்டு; அதை மேலிருந்தே நட்டை இறுக்கிப் பார்த்துக்கொள்ளலாம். எங்கள் வண்டியில் நட்டு இறுக்கமாகவே இருந்தது.

உள்ளே நடப்பது எளிமையான ஏற்பாடு. மோட்டார் ஒரே திசையில் சுற்றுகிறது. பல்சக்கரம் அதன் வேகத்தைக் குறைத்து வலுவைக் கூட்டுகிறது. அதன் அச்சிலுள்ள கிராங்க் என்னும் சிறு கை முழு வட்டமாகச் சுழல, அதனுடன் இணைந்த லிங்க் கம்பிகள் முன்னும் பின்னும் தள்ளப்படுகின்றன. அத்தள்ளலால் இரு ஸ்பிண்டில்களும் இடமும் வலமும் திரும்பி, அவற்றின் தலையில் பொருத்திய வைப்பர் கைகளை அசைக்கின்றன. கம்பிகள் சேரும் இடங்களில் இரும்புக் குண்டு ஒன்றும், அதைக் கவ்வும் நைலான் புஷ் ஒன்றும் உண்டு. இந்த ஏற்பாடு முழுவதிலும் மிகச் சிறியதும் மலிவானதும் அந்தப் புஷ்தான். அது தேய்ந்தால் குண்டு நழுவும். மோட்டார் தன் பாட்டில் ஓடும்.

அடுத்த வெள்ளிக்கிழமை ஃபஜ்ருத் தொழுகை முடிந்ததும் வாசலில் வேலையைத் தொடங்கினோம். முதலில் வைப்பரை ஒருமுறை ஓடவிட்டு, சுவிட்சை அணைத்து, மோட்டார் தானாகவே தன் ஓய்வு நிலைக்கு வந்து நிற்கும்படி செய்தோம். ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில் நிற்பதற்கான தொடுப்பு மோட்டாருக்குள்ளேயே இருக்கிறது. அந்த நிலையில் கழற்றினால்தான் திரும்பப் பூட்டும்போது அளவு தவறாது. ஓட்டுநர் பக்கத்துக் கை செயலற்றிருந்ததால், அது வழக்கமாகப் படுத்திருக்கும் இடத்திற்குக் கையால் தள்ளி வைத்தோம். பிறகு இரு பிளேடுகளும் படிந்திருந்த இடத்தைக் கண்ணாடியில் இன்சுலேஷன் டேப் ஒட்டி அடையாளமிட்டோம். பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றினோம். இதை விட்டுவிடக் கூடாது. வைப்பர் மோட்டார் சிறியதாயினும் அதன் வலு பெரிது. லிங்க் கம்பிகளுக்கிடையில் விரல் இருக்கும்போது யாராவது சாவியைத் திருப்பினால் விரலே போகலாம். கண்ணாடியின் மேல் பழைய துண்டு ஒன்றை மடித்து விரித்தோம். ஸ்பிரிங் உள்ள வைப்பர் கை நழுவி அறைந்தால் கண்ணாடி வெடிக்கும்.

கைகளின் அடியிலிருந்த நட்டுகளைக் கழற்றினோம். பல ஆண்டுகளாக இறுகியிருந்த கைகள் அசையவில்லை. துரு இளக்கும் எண்ணெயைத் தெளித்துக் கால் மணி நேரம் விட்டு, இப்படியும் அப்படியும் மெல்ல ஆட்டியபோது கழன்றன. சுத்தியலால் அடித்திருந்தால் ஸ்பிண்டிலின் நுண்ணிய பற்கள் நசுங்கியிருக்கும். அடுத்து, கண்ணாடிக்கும் பானெட்டுக்கும் இடையிலுள்ள பிளாஸ்டிக் சல்லடை மூடியைக் கழற்றினோம். பழைய பிளாஸ்டிக் எளிதில் உடையும் என்பதால் வெயில் ஏறிச் சற்றுச் சூடான பிறகே அதன் கிளிப்புகளைத் தொட்டோம்.

மூடியின் அடியில் ஒரு சிறு குப்பைக்குழியே இருந்தது. வேப்பஞ்சருகு, தேங்காய் நார், கடற்கரைச் சாலையின் மணல் எல்லாம் சேர்ந்து சேறாகியிருந்தன. மழைநீர் வெளியேறும் ஓட்டை முற்றிலும் அடைபட்டிருந்தது. ஓட்டுநர் பக்கத்து லிங்க் கம்பியின் குண்டு புஷ்ஷிலிருந்து விடுபட்டுத் தொங்கியது. அதைச் சுற்றிக் கட்டுக்கம்பி ஒன்று முறுக்கப்பட்டு, துருப்பிடித்து அறுந்திருந்தது.

“மாமா, இந்தக் கம்பியை யாரு கட்டுனது?” என்று கேட்டான் லாத்தாவின் மகன்.

எங்கள் கைக்கு வருமுன் யாரோ கட்டியது. இதே புஷ் முன்பே ஒருமுறை கழன்றிருக்கிறது. யாரோ ஒருவர் அவசரத்திற்குக் கம்பியால் கட்டிவிட்டு, மூடியைப் பூட்டிவிட்டுப் போயிருக்கிறார். அந்தக் கட்டுக்கம்பியின் மேல்தான் காக்கா இத்தனை இரவுகள் வண்டி ஓட்டியிருக்கிறார்.

காக்கா குண்டைப் புஷ்ஷில் வைத்துக் கட்டைவிரலால் அழுத்தினார். பேட்டரியை இணைத்து, எல்லோரும் கையை எடுத்துக்கொண்ட பின் சுவிட்சைப் போட, இரு ஸ்பிண்டில்களும் திரும்பின. அன்று மாலையே ஒரு லோடு காத்திருந்தது. “வேலை செய்யுது வாப்பா, பூட்டிடலாம். புதுப் புஷ் அடுத்த வாரம் போட்டுக்கலாம்” என்றார். ஒரு நடை வாடகை எங்கள் வீட்டில் சிறிய தொகையன்று. நாங்களும் வாப்பாவின் முகத்தைப் பார்த்தோம்.

வாப்பா பேட்டரியைத் திரும்பவும் கழற்றச் செய்து, லிங்க் கம்பிகளை விடுவித்து, ஸ்பிண்டில்களைக் கையால் திருப்பிப் பார்த்தார். ஒன்று விரலுக்கே சுழன்றது. ஓட்டுநர் பக்கத்தது பிளேயரால் பிடித்துத் திருப்பினாலும் முரண்டியது. “புஷ்ஷு மேல குத்தமில்லை. இது திரும்பாததால அது உடைஞ்சிருக்கு. புதுசு போட்டாலும் மறுபடி உடையும்” என்றார். பிறகு சற்று நேரம் கழித்து, “இதைக் கண்ணால பார்த்தாச்சு. பார்த்த பிறகு ராத்திரி மழையில உங்களை அனுப்ப முடியாது” என்றார்.

மாலை லோடு உறவினர் ஒருவரின் வண்டிக்குப் போயிற்று.

அடைபட்ட ஓட்டை, தேங்கிய நீர், உப்புக்காற்று, துருப்பிடித்த ஸ்பிண்டில், பாரம் தாங்காமல் விரிந்த புஷ் என்று ஒன்றிலிருந்து ஒன்றாக வந்த பழுது அது. கடைசியில் தெரிந்ததை மட்டும் சரிசெய்தால் முதலில் இருந்தது அப்படியே இருக்கும். ஆகவே முழு லிங்க் தொகுதியையும் வெளியே எடுத்தோம். ஸ்பிண்டிலைப் பிடித்திருந்த சர்கிளிப்பையும் வாஷரையும் கழற்றி, அவற்றின் வரிசையைத் தாளில் குறித்துக்கொண்டோம். டீசலில் ஊறவிட்டு, தலையில் நட்டைப் பூட்டி, மரக்கட்டை வைத்து மெல்லத் தட்டியதும் ஸ்பிண்டில் வெளியே வந்தது. நுண்ணிய உப்புத்தாளால் துருவைத் தேய்த்து, துளையைத் துணியால் துடைத்து, கிரீஸ் தடவிச் செருகினோம். இப்போது அதுவும் விரலுக்கே சுழன்றது. துளை தேய்ந்து ஸ்பிண்டில் தளதளவென்று ஆடியிருந்தால் அந்தத் தொகுதியை மாற்றுவதே முறை. எங்களுக்கு அத்தேவை ஏற்படவில்லை.

புதுப் புஷ்ஷுகள் பட்டுக்கோட்டையில் ஒரு ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் கிடைத்தன. பழைய புஷ்ஷைக் கையோடு கொண்டுபோய் அளவு பார்த்து வாங்கினோம். ஒன்று கழன்றிருந்தாலும் மற்றவையும் அதே வயதுடையவை என்பதால் எல்லா மூட்டுகளுக்கும் வாங்கினோம். அதன் செலவு மோட்டாரும் லிங்க்கும் சேர்ந்த முழு செட்டின் விலையில் மிகச் சிறு பங்கே. புதிய நைலான் விறைப்பாக இருக்கும்; குண்டின் மேல் எளிதில் ஏறாது. உம்மா கொதிக்கவைத்துத் தந்த வெந்நீரில் சில நிமிடங்கள் போட்டு எடுத்து, கிரீஸ் தடவி, பெரிய பிளேயரால் நேராக அழுத்தியதும் ‘டக்’கென்ற ஒலியுடன் அமர்ந்தன. மோட்டார் அச்சிலிருந்து கிராங்க்கை நாங்கள் கழற்றவில்லை. தேவையின்றி அதைக் கழற்றிக் கோணம் மாறிப் பூட்டினால் வைப்பர் கண்ணாடியின் நடுவில் நிற்கும், அல்லது ஓரச் சட்டத்தில் மோதும்.

குழியைக் கழுவி, ஓட்டையில் தென்னங்குச்சி விட்டு அடைப்பெடுத்து, நீர் தங்குதடையின்றிக் கீழே இறங்குவதைப் பார்த்தோம். கைகளைப் பூட்டுமுன் மோட்டாரை வெறுமனே ஓட்டி நிறுத்தினோம். அது ஓய்வு நிலைக்கு வந்த பிறகு, டேப் அடையாளத்தின் மேல் பிளேடுகளை வைத்து நட்டுகளை இறுக்கினோம். கண்ணாடியில் குடம் நீரை ஊற்றிய பின்னரே ஓட்டினோம்; காய்ந்த கண்ணாடியில் ஓட்டினால் ரப்பரும் கெடும், லிங்க் மூட்டுகளுக்கும் பாரம் ஏறும். இரு வைப்பர்களும் ஒன்றாக எழுந்து ஒன்றாகப் படிந்தன. ஜும்ஆவுக்குக் குளிக்க நேரம் மீதமிருந்தது.

சட்டமும் இதைக் கேட்கிறது. இந்தியாவின் 1989ஆம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதிகளில் வைப்பருக்கென்றே தனி விதி உண்டு, எஃப்.சி. பரிசோதனையிலும் அது பார்க்கப்படும். ஆனால் எஃப்.சி. நாள் வெயில் நாளாகவும் இருக்கலாம். மழையிரவில் எதிரே நடந்து வருபவருக்கு அந்தச் சான்றிதழ் தெரியாது. ஓட்டுநர் தன்னைப் பார்த்துவிடுவார் என்று நம்பித்தான் அவர் சாலை ஓரத்தில் கால் வைக்கிறார். அந்த நம்பிக்கை வண்டி வைத்திருப்பவரிடம் ஒப்படைக்கப்பட்ட அமானத் என்றே நாங்கள் கருதுகிறோம்.

எனவே, பழைய வண்டி வைத்திருக்கும் சகோதரர்களுக்கு எங்கள் வேண்டுகோள் இது. செப்டம்பர் மாதத்திலேயே ஒரு காலைப்பொழுதை ஒதுக்குங்கள். கண்ணாடியை நனைத்து வைப்பரை ஓடவிடுங்கள். கை தயங்கி நகர்ந்தாலோ, திரும்பும் இடத்தில் தட்டும் ஒலி கேட்டாலோ, கையால் ஆட்டும்போது தளர்ந்து ஆடினாலோ, புஷ் தேய்ந்துவிட்டது என்று கொள்ளுங்கள். சல்லடை மூடியின் கீழ் சேர்ந்த சருகை அகற்றி, நீர் இறங்குகிறதா என்று பாருங்கள். வழியில் கழன்றுவிட்டால் வீடு சேரும் வரை கேபிள் டை போட்டுக் கட்டலாம், குற்றமில்லை. வீடு சேர்ந்ததும் அதை அவிழ்த்துச் சரியாகச் செய்துவிடுங்கள். வண்டியை விற்க நேர்ந்தால், உள்ளே கட்டியிருப்பதை வாங்குபவரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள். வீட்டுப் பிள்ளைகளையும் அருகில் நிறுத்தி வேலை செய்யுங்கள். எங்கள் லாத்தாவின் மகன் இப்போது ஒவ்வொரு நடைக்கும் முன் வைப்பர் சத்தத்தைக் காது கொடுத்துக் கேட்கிறான்.

வல்ல அல்லாஹ் நம் ஊர்களுக்குப் பயனுள்ள மழையை அருள்வானாக. அம்மழையில் சாலையில் செல்வோர் அனைவரையும் பத்திரமாக வீடு சேர்ப்பானாக. ஆமீன்.