மதுராந்தகம்: மற்ற இரவுகளுக்கு யார் காவல்?

சென்னையிலிருந்து திருச்சி செல்லும் நெடுஞ்சாலையில் சுமார் 80 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது மதுராந்தகம். கடந்த தை மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, என் மனைவியும் ஒன்பது வயதுப் பேரனும் உடன்வர, ஏரி காத்த ராமரைத் தரிசிக்கச் சென்றேன். வகுளாரண்யம் என்று போற்றப்படும் தலம் இது. இங்குள்ள மகிழ மரத்தடியில்தான் பெரிய நம்பிகள் ஸ்ரீராமாநுஜருக்குப் பஞ்ச ஸம்ஸ்காரம் செய்துவைத்தார். கருவறையில் கோதண்டராமர் சீதாபிராட்டியின் கரம் பற்றியவராய், இளைய பெருமாளுடன் சேவை சாதிக்கிறார்.

ராமருக்கு இத்திருநாமம் அமைந்த வரலாற்றை அர்ச்சகர் என் பேரனுக்குச் சொன்னார். கும்பினி ஆட்சிக் காலத்தில் இவ்வூர்ப் பெரிய ஏரியின் கரை மழைக்காலங்களில் உடைவது வழக்கமாக இருந்தது. அப்போது கலெக்டராக இருந்தவர் லியோனல் பிளேஸ் துரை. தாயார் சந்நிதியைக் கட்டித்தர வேண்டும் என்று கோயிலார் அவரிடம் கேட்டனர். “உங்கள் தெய்வம் இவ்வாண்டு கரையைக் காத்தால் கட்டித் தருகிறேன்” என்றார் துரை. 1798-ஆம் ஆண்டு அடைமழை இரவொன்றில், கரை என்னவாயிற்றோ என்று பார்க்கச் சென்றவர், வில்லேந்திய இரு வீரர்கள் ஒளிவீசக் கரைமீது காவல் நிற்பதைக் கண்டு மண்டியிட்டார் என்கிறது தல வரலாறு. ஜனகவல்லித் தாயார் சந்நிதியில் அந்தத் துரையின் பெயர் பொறித்த கல்வெட்டை இன்றும் காணலாம்.

கதையைக் கேட்டு முடித்த பேரன், “ராமர் அந்த ஒரு ராத்திரிதானே காத்தார்? மத்த ராத்திரியெல்லாம் யார் தாத்தா காத்தாங்க?” என்று கேட்டான். அர்ச்சகர் சிரித்தார். எனக்கு உடனே விடை சொல்ல வரவில்லை.

கோயிலை அடுத்த ஏரிக்கரைக்கு அவனை அழைத்துச் சென்றேன். நீர் வந்து சேரும் வரத்துக் கால்வாய், வயலுக்கு அளந்துவிடும் மதகு, மிகுந்த நீர் வழிந்தோடும் கலங்கல் ஆகியவற்றைப் பற்றிச் சொன்னேன். தொண்டை நாட்டு ஏரிகள் தனித்தனியானவை அல்ல. மேலூர் ஏரியின் உபரிநீர் கீழூர் ஏரிக்கு வரத்தாகும்படி நம் முன்னோர் அவற்றைச் சங்கிலியாகக் கோத்தனர். மழைக்கு முன்னர் ஊரார் கூடிக் கால்வாயைத் தூர்வாரிக் கரைக்கு மண்ணிட்டனர். அதற்குக் குடிமராமத்து என்று பெயர். மற்ற இரவுகளில் காவல் நின்றவர்கள் அவர்களே என்று பேரனிடம் கூறினேன்.

அங்கிருந்து வேடந்தாங்கல் சென்றோம். அதுவும் ஓர் ஊர் ஏரியே. நீரில் நிற்கும் மரங்களில் நத்தைகுத்தி நாரைகளும் நீர்க்காகங்களும் கூழைக்கடாக்களும் குஞ்சுகளுக்கு இரை ஊட்டிக்கொண்டிருந்தன. சிப்பாய்கள் அங்கே பறவைகளைச் சுட்டபோது ஊரார் அதே பிளேஸ் துரையிடம் முறையிட்டு, பறவைகளை யாரும் துன்புறுத்தலாகாது என்ற உத்தரவை அதே 1798-இல் பெற்றனர் என்பர். பறவை எச்சம் கலந்த ஏரி நீர் வயலுக்கு உரமாவதை அவர்கள் அறிந்திருந்தனர். அவர்கள் பறவைகளைக் காத்தனர். பறவைகள் அவர்களது பயிரை வளர்த்தன. அரசு அதனைச் சரணாலயமாக்கியது 1936-இல்தான். அதற்கு முன்பே ஊரார் தம் கடமையைத் தொடங்கிவிட்டனர்.

மாலையில் உத்திரமேரூர் வைகுந்தப் பெருமாள் கோயிலை அடைந்தோம். முதலாம் பராந்தக சோழன் காலத்து, 919 மற்றும் 921-ஆம் ஆண்டுக் கல்வெட்டுகள் அக்கோயில் சுவரில் உள்ளன. ஏரியைப் பேண ஏரி வாரியம் இருந்ததையும், வாரியப் பொறுப்பிலிருந்து கணக்குக் காட்டாதவரும் அவருடைய உறவினரும் மீண்டும் தேர்ந்தெடுக்கப்படத் தகுதியற்றவர் என்பதையும் அவை கூறுகின்றன. முப்பத்தைந்து ஆண்டுகள் வங்கியில் கணக்குப் பார்த்தவன் நான். அந்தச் சுவரின் முன் நின்றபோது, நான் இதுவரை காட்டாத கணக்கொன்று நினைவுக்கு வந்தது.

கிளை மேலாளராக இருந்த காலத்தில், ஒரு புதிய மனைப்பிரிவில் வீடு கட்டப் பலருக்குக் கடன் வழங்கினேன். பட்டா, வரைபட அனுமதி, வில்லங்கச் சான்றிதழ் யாவும் சரியாக இருந்தன. இடத்தைப் பார்வையிடச் சென்றபோது, முதியவர் ஒருவர், “ஐயா, இது ஏரிக்கு வரத்துக் கால்வாய் போன வழி” என்றார். “காகிதத்தில் அப்படி எதுவும் இல்லையே, பெரியவரே” என்று சொல்லிவிட்டுக் கையெழுத்திட்டேன். 2015-ஆம் ஆண்டுப் பெருமழையில் அந்த வீடுகளுக்குள் இடுப்பளவு நீர் நின்றது. நீர் தன் பழைய வழியைத் தேடி வந்திருந்தது. சட்டப்படி என்மீது குற்றமில்லை. ஆயினும், அந்தப் பெரியவர் சொன்னதைக் காதில் வாங்கிக்கொண்டும் பொருட்படுத்தாதவன் நான்தானே?

உலகம் வெப்பமடைவதை நாம் ஒவ்வொருவரும் தனியே என்ன செய்ய இயலும் என்று கேட்கிறோம். காற்று ஒரு டிகிரி செல்சியஸ் சூடேறினால், அது தாங்கக்கூடிய நீராவி ஏறத்தாழ 7 சதவீதம் கூடுகிறது. ஆகவே பெய்யும்போது மழை கொட்டித் தீர்க்கிறது. வானத்தை அவ்வாறு மாற்றியதில் நம் அனைவருக்கும் பங்குண்டு. அந்தப் பங்கைத் தனியே பிரித்துக் காட்டுவது கடினம். ஆனால் கொட்டும் நீர் தங்கும் ஏரியையும் அது செல்லும் வழியையும் அடைத்தது யார் என்று கேட்டால், கையெழுத்துகளைக் காட்ட முடியும். அவற்றுள் ஒன்று என்னுடையது.

வேள்வி முதலியவற்றை இஷ்டம் என்றும், குளம், கிணறு, சோலை அமைப்பதைப் பூர்த்தம் என்றும் நம் சாத்திரங்கள் இணைத்தே பேசுகின்றன. நாம் முன்னதைப் பற்றிக்கொண்டு பின்னதை மறந்துவிட்டோம். பெருமான் ஓரிரவு கரையில் நின்றது, மனிதரைக் கடமையிலிருந்து விடுவிப்பதற்காக அன்று. ஊரார் அதுவரை காத்துவந்த ஏரி என்பதால்தான், அவர்கள் கைக்கு மீறிய இரவில் அவன் வந்து நின்றான் என்றே எனக்குத் தோன்றுகிறது.

ஊர் திரும்பிய மறுவாரம், அந்தக் கிராமத்தின் பழைய வரைபட நகலுக்கு விண்ணப்பித்தேன். கால்வாய் அதில் மெல்லிய இரட்டைக் கோடாக ஓடுகிறது. வீடுகளை இனி அகற்ற இயலாது. சாலையோரமாக மாற்று வழி வெட்ட இடம் இருக்கிறது. அதனைக் குறித்துக்காட்டி, மக்கள் குறைதீர்க்கும் நாளில் மனு அளித்திருக்கிறேன். அங்கு குடியிருப்போரில் பன்னிருவர் உடன் கையெழுத்திட்டனர். பதில் இன்னும் வரவில்லை; அடுத்த மாதம் மீண்டும் செல்வேன்.

மதுராந்தகம் செல்லும் அன்பர்கள் ராமரைச் சேவித்தபின் ஏரிக்கரைக்கும் சென்று வாருங்கள். பிறகு உங்கள் ஊர் ஏரிக்கு நீர் எவ்வழியே வருகிறது என்று ஊர்ப் பெரியவர் ஒருவரிடம் கேளுங்கள். அவர் சொல்வதை, நான் அன்று செய்யத் தவறியதைப் போல் அல்லாமல், நின்று கேளுங்கள்.