சுறாவுக்குள் ஒரு ஹீட் எக்ஸ்சேஞ்சர்

அக்காவுக்குக் குழந்தை பிறந்த சமயம். வீட்டில் சுறாப்புட்டு. "பால் ஊறுறதுக்கு அவளுக்கு வச்சிருக்கேன், நீ கை வைக்காதே" என்று அம்மா தட்டை நகர்த்திவிட்டார். வாலாஜாபாத்தில் பாலாற்று மணலைப் பார்த்து வளர்ந்த எனக்குச் சுறா என்றால் அந்தப் புட்டு மட்டும்தான். சரி, கொஞ்சம் படிப்போமே என்று உட்கார்ந்தேன். மாட்டியது மாக்கோ சுறா.

சுறாக்களிலேயே வேகமானது இதுதான். சூரை மீனையே துரத்திப் பிடிக்கும். தண்ணீரை விட்டு மேலே எகிறியும் குதிக்கும். நின்றால் மூச்சு முட்டும்; நீந்தினால்தான் செவுளுக்குள் தண்ணீர் பாயும்.

இத்தனை வேகம் எப்படி? மெக்கானிக்கல் நண்பர்களே, நமக்குப் பிடிக்காத அந்த ஹீட் எக்ஸ்சேஞ்சர் பாடம்தான் :-) பெரும்பாலான மீன்களுக்கு, தசையில் உண்டாகும் சூடு ரத்தத்தோடு செவுளுக்குப் போய்க் கடலில் கரைந்துவிடும். மாக்கோவுக்கு அப்படி இல்லை. தசையிலிருந்து திரும்பும் சூடான ரத்தமும், செவுளிலிருந்து வரும் குளிர்ந்த ரத்தமும் நெருக்கமான மெல்லிய குழாய்களில் எதிரெதிராக ஓடுகின்றன. சூடு கைமாறித் தசைக்கே திரும்பி வருகிறது. சுற்றியுள்ள நீரைவிட உடம்பு சூடாக இருப்பதால் தசை வேகமாக வேலை செய்யும். ஒரகடத்தில் தயாராகும் கார்களுக்கு ரேடியேட்டர் சூட்டை வெளியே தள்ளுகிறது; இதுவோ சேமிக்கிறது!

ஆனால் வேகமெல்லாம் நீந்துவதில் மட்டும்தான். பெண் மாக்கோ தாயாகும் பருவத்துக்கு வரவே ஏறக்குறைய 20 வருடம் ஆகும். அப்புறம் 15 முதல் 18 மாதம் சுமக்கும். வயிற்றுக்குள் இருக்கும் குட்டிகள் தாய் உண்டாக்கும் கருவுறாத முட்டைகளைத் தின்று வளரும். பிறந்ததும் தனி வாழ்க்கைதான்.

நாம் பிடிக்கும் வேகத்துக்கு அது பெற்றுத் தீராது. 2019-ல் மாக்கோ அழியும் ஆபத்திலுள்ள இனங்களின் பட்டியலில் சேர்ந்தது. அதே வருடம் அதன் சர்வதேச வணிகத்துக்கும் கட்டுப்பாடு வந்தது. இந்தியா 2015-லேயே சுறாத் துடுப்பு ஏற்றுமதியைத் தடை செய்திருந்தது.

மீனவரைத் திட்டி எழுதுவது சுலபம். கன்னியாகுமரி மாவட்டத்துத் தூத்தூர்க்காரர்கள் தலைமுறையாக ஆழ்கடலில் சுறா பிடிப்பவர்கள். 2017 ஒக்கி புயலில் அந்தப் பக்கம் எத்தனை வீடுகளில் ஆள் திரும்பவில்லை! கட்டுப்பாடு போடுகிறவர்கள் அவர்கள் பிழைப்புக்கும் வழி சொல்ல வேண்டாமா?

எங்கள் வீட்டுப் புட்டு சின்னச் சுறாதான், மாக்கோ இல்லை. இருந்தாலும், ஒரு தாய்க்குப் பால் ஊற எந்தத் தாயைப் பிடித்தார்களோ என்று அன்றைக்குத் தோன்றியது. உங்கள் வீட்டில் என்ன சுறா வாங்குகிறார்கள்? கேட்டுச் சொல்லுங்களேன்.