உதிரியும் சரமும்

சென்ற பருவத்தில் வெப்ப இயக்கவியல் தாளில் நான் தோற்றுப்போனேன். எங்கள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான்தான். ‘அரியர்’ என்றால் என்னவென்று அப்பாவுக்கு விளக்கவே அரைநாள் ஆயிற்று. விளங்கிய பின் அவர் கோபிக்கவில்லை. “ஒரகடம் கம்பெனி வண்டி காலையில ஆறு மணிக்கு வாலாஜாபாத் வழியாத்தான் போவுது” என்று மட்டும் சொன்னார். கோபித்திருக்கலாம்!

என்னைக் கவிழ்த்தது வான் டர் வால்ஸ் சமன்பாடு. மூலக்கூறுகளும் இடத்தை அடைக்கும் என்று 1873-இல் அவர் சேர்த்த ‘பி’ என்னும் திருத்தம், மூலக்கூறுகளின் சொந்தப் பருமனைப் போல் நான்கு மடங்கு. நான் ஒரு மடங்கு என்று எழுதிவிட்டேன். ஒரு கோளத்தின் மையம் மற்றொன்றின் மையத்தை ஒரு விட்டத் தொலைவுக்குள் நெருங்க முடியாது. அந்த விலக்கப்பட்ட இடம் எட்டு மடங்கு. இரண்டு கோளங்களுக்கும் பங்கிட்டால் நான்கு. இவ்வளவுதான் விஷயம். அன்று தோன்றவில்லை.

எங்கள் விரிவுரையாளர் மதிப்பெண்ணைப் பற்றிப் பேசாமல், கருத்தரங்கில் பேச ஒரு தலைப்பைத் தந்தார்: கடினக் கோளங்களைச் சங்கிலியாகக் கோத்தால் அழுத்தம் என்னவாகும்? தேடியபோது ஒரு செய்தி கிடைத்தது. மூலக்கூறுகளின் பருமனைக் கணக்கில் கொண்டு 1918-இலேயே நிலைச் சமன்பாடு ஒன்றைக் கல்கத்தாவிலிருந்து வெளியிட்டவர்கள் மேகநாத் சாகாவும் சத்யேந்திரநாத் போசும். சாகா, டாக்காவை அடுத்த சிற்றூரில் கடை வைத்திருந்தவரின் மகன். அந்த வரியை நான் இரண்டு முறை படித்தேன்.

உதிரிக் கோளங்களுக்குக் கார்னஹானும் ஸ்டார்லிங்கும் 1969-இல் நல்ல சமன்பாடு தந்துவிட்டார்கள். சங்கிலிதான் பிடிபடவில்லை. அன்றிரவு அம்மா மறுநாள் விற்பனைக்கு மல்லிகை தொடுத்துக்கொண்டிருந்தார். என்ன படிக்கிறாய் என்று கேட்டார், சொன்னேன். “உதிரியா இருந்தா நூறு பூ. கட்டிட்டா ஒரு சரம். ஒண்ணை இழுத்தா அத்தனையும் வருது. இதுக்கா இவ்ளோ யோசனை?” என்றார்.

அதேதான்! அடர்த்தி மிகக் குறைவாயிருக்கையில், பத்துக் கோளம் கோத்த சங்கிலி ஒரே மூலக்கூறாகத்தான் கணக்காகும். உதிரியாய் இருந்தபோது இருந்த அழுத்தத்தில் பத்தில் ஒரு பங்கே மிஞ்சும். நெருக்கம் கூடக்கூட ஒவ்வொரு கோளமும் தன் இடத்தைக் கேட்கத் தொடங்கும். 1980-களில் வெர்த்தைம் காட்டிய வழி இது: முதலில் உதிரிக் கோளங்களின் அழுத்தத்தை எழுது, பத்துக் கோளத்துக்கு ஒன்பது முடிச்சு, ஒவ்வொரு முடிச்சுக்கும் ஒரு தொகையைக் கழி. உதிரிப் பாய்மத்தில் இரு கோளங்கள் ஒன்றையொன்று தொட எவ்வளவு வாய்ப்பு என்பதிலிருந்து அத்தொகை கிடைக்கிறது. டிக்மனும் ஹாலும் 1988-இல் கணினிக்குள் சங்கிலிகளை உலவவிட்டுக் கண்ட அழுத்தத்தோடு, அடர்ந்த நிலையில் இது நன்றாகவே பொருந்துகிறது. அடர்த்தி குறைந்த இடத்தில் நீண்ட சங்கிலிகளுக்குச் சற்றுப் பிசகும். முடிச்சை இரண்டிரண்டு கோளமாகவே பார்க்கிறது அல்லவா, மூன்றாவது எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்று அது கேட்பதில்லை.

கருத்தரங்கில் கரும்பலகையில் நான் வரைந்தது மல்லிகைச் சரம். சிரித்தார்கள், பிறகு கேள்வி கேட்டார்கள். நான்கு மடங்கு ஏன் என்று ஒருவர் கேட்டபோது தடுமாறவில்லை.

அரியர் தேர்வு அடுத்த மாதம். கம்பெனி வண்டி இன்றும் ஆறு மணிக்குத்தான் வருகிறது. அம்மாவின் பூக்கூடையை இறக்கி வைத்துவிட்டு, எதிர்ப்பக்கம் கல்லூரிப் பேருந்துக்காக நிற்கிறேன். அப்பா இன்னும் எதுவும் சொல்லவில்லை.