சென்னையிலிருந்து சாங்கிக்கு



சென்னை மீனம்பாக்கம் விமான நிலையத்துக்கும் சிங்கப்பூர் சாங்கி விமான நிலையத்துக்கும் இடையே உள்ள வான்வழித் தொலைவு சுமார் 2,920 கிலோமீட்டர். கடல் மைல் கணக்கில் 1,580. உலக உருண்டையின் மேல் இவ்விரு ஊர்களையும் தொட்டு ஒரு நூலை இழுத்துப் பிடித்தால் கிடைக்கும் மிகக் குறுகிய வழி இது. வகுத்துவைத்த வான்தடங்களில் செல்வதாலும் இடிமேகங்களைச் சுற்றிப் போவதாலும் விமானம் உண்மையில் கடக்கும் தூரம் இதைவிடச் சற்றுக் கூடும்.

வழியில் பெரும்பகுதி வங்கக் கடல்தான். பாதித் தூரம் தாண்டியதும் நிக்கோபார் தீவுகள் வரும். பிறகு சுமத்ராவின் வடமுனைப் பக்கமாக மலாக்கா நீரிணையை அடைந்து, விமானம் தெற்கே இறங்கும்.

மணிக்கு 850 கிலோமீட்டர் வேகம் என்று வைத்தால் மூன்றரை மணி நேரத்துக்குள் போய்விடலாம். ஆனால் ஓடுபாதை வரை ஊர்ந்து செல்வது, மேலேறுவது, இறங்குவது, இறங்க முறை வரும்வரை காத்திருப்பது எல்லாம் சேர்ந்து, கால அட்டவணையில் நான்கு முதல் நாலரை மணி ஆகிவிடுகிறது. காற்றுக்கும் இதில் பங்கு உண்டு. தென்மேற்குப் பருவமழைக் காலத்தில் தென்னிந்தியாவின் மேலே மிக உயரத்தில் கிழக்கிலிருந்து மேற்காகப் பலத்த காற்று வீசும். அது சிங்கப்பூர் செல்லும் விமானத்துக்கு எதிர்க்காற்று. சென்னை திரும்பும் விமானத்துக்குத் துணை.

பயணிகளை அதிகம் குழப்புவது கடிகாரம். சிங்கப்பூர் நேரம் இந்திய நேரத்தைவிட இரண்டரை மணி முந்தியது. இரவு 11.30க்குச் சென்னையில் கிளம்பி நாலேகால் மணி நேரம் பறந்தால், சாங்கியில் காலை 6.15. திரும்பும்போது இரவு 8 மணிக்குக் கிளம்பினால் சென்னையில் 9.45தான், ஒன்றேமுக்கால் மணியில் வந்துவிட்டதுபோலத் தோன்றும்.

சூரியனை வைத்துப் பார்த்தால் இரு ஊர்களுக்கும் உள்ள வேறுபாடு ஏறக்குறைய 95 நிமிடமே. 1982 ஜனவரி 1 அன்று மலேசியா தன் மேற்குப் பகுதிக்கும் கிழக்குப் பகுதிக்கும் ஒரே நேரத்தை வைத்துக்கொண்டபோது, சிங்கப்பூரும் கடிகாரத்தை அரை மணி முன்னே தள்ளியது. அங்கு ஆண்டு முழுவதும் காலை ஏழு மணியை ஒட்டியே பொழுது விடிகிறது. அதனால் 6.15க்கு இறங்குபவர் ஜன்னல் வழியே பார்த்தால் ஓடுபாதை விளக்குகள் இன்னும் எரிந்துகொண்டிருக்கும்.

இதே பயணத்துக்கு 'ரஜூலா' கப்பலில் சென்றவர்களுக்கு ஏறத்தாழ ஒரு வாரம் பிடித்தது. நாகப்பட்டினத்திலும் பினாங்கிலும் நின்று சென்ற அந்தக் கப்பல் 1970களின் தொடக்கம் வரை ஓடியது.

பயணச்சீட்டில் புறப்படும் நேரமும் சேரும் நேரமும் அந்தந்த ஊர்க் கணக்கிலேயே அச்சாகும். போகும்போது வரும் வித்தியாசத்தில் இரண்டரை மணியைக் கழியுங்கள், திரும்பும்போது கூட்டுங்கள். விமானத்தில் இருக்கும் நேரம் சரியாகத் தெரிந்துவிடும்.