சொந்த ஊரின் கோபம்



2007 மார்ச் 17 அன்று உலகக் கோப்பைப் போட்டியில் இந்தியா வங்கதேசத்திடம் தோற்றது. அன்று ரன் எதுவும் எடுக்காமல் ஆட்டமிழந்த தோனிக்கு, சொந்த ஊரான ராஞ்சியில் கட்டப்பட்டுவந்த வீட்டைச் சிலர் தாக்கிச் சேதப்படுத்தினார்கள். அதே செப்டம்பரில் அவர் தலைமையில் இந்தியா இருபது ஓவர் உலகக் கோப்பையை வென்றது. ஊர் அவரைக் கொண்டாடியது.

ஏன் இப்படி? தம் பிள்ளையின் வெற்றியைத் தங்கள் மேன்மையாக எண்ணும் ஊரார், அவன் தோல்வியையும் தங்களுக்கு நேர்ந்த அவமானமாக எண்ணுகிறார்கள். "எங்கள் பிள்ளை" என்பதில் அன்போடு உரிமையும் கலந்திருக்கிறது. உரிமை மிஞ்சினால் அன்பு கணக்குக் கேட்கத் தொடங்குகிறது. நாசரேத்தூராரும் கப்பர்நகூமில் நடந்தவை தங்கள் ஊரிலும் நடக்கவேண்டுமென்று எதிர்பார்த்தார்கள். முற்காலத்தில் அந்நியருக்குக் கிடைத்த தயவை ஆண்டவர் நினைவூட்டியதும், கோபமூண்டு அவரை மலையிலிருந்து தள்ளிவிடக் கொண்டுபோனார்கள் (லூக்கா 4).

குமாரலிங்கபுரத்தாராகிய நாம், மழை பொய்த்த ஓர் ஆண்டுக்காக மானாவாரி நிலத்தைக் கைவிடுவதில்லை. புரட்டாசியில் மறுபடியும் விதைக்கிறோம். வெளியூரில் வேலையை இழந்தோ, தேர்வில் தவறியோ திரும்பிவரும் பிள்ளைக்கு அந்தப் பொறுமையாவது வேண்டாமா? அப்படி ஒருவர் இவ்வாரம் உங்கள் தெருவுக்கு வந்தால், "என்ன ஆயிற்று?" என்று கேட்குமுன் "சாப்பிட்டாயா?" என்று கேளுங்கள்.

கர்த்தர் உங்களை ஆசீர்வதிப்பாராக.